பகுதியிலுள்ள மூலக்குறியை நீக்க மாணவர்களைப் பழக்குவது எப்படி

பகுதியில் வர்க்கமூலம் உள்ள பின்னத்தை விகிதப்படுத்தும், அதாவது மதிப்பு மாறாமல் பகுதியிலுள்ள மூலக்குறியை நீக்கும் பாடத்தை ஒரே வகுப்பில் நடத்தி முடித்துவிடலாம். ஆனால் அதில் மாணவர்கள் செய்யும் பிழைகள் அவ்வளவு விரைவில் முடிந்துவிடுவதில்லை. முக்கோணவியலில் 1/√3 எதிர்ப்படும்போதும், பின்னர் நுண்கணிதத்தில் எல்லை மதிப்புகளைக் காணும்போதும் அதே பிழைகள் மீண்டும் தலைகாட்டும். இதற்குக் காரணம், நாம் தரும் பயிற்சிக் கணக்குகளில் பெரும்பாலானவை பெருக்கிச் சுருக்கும் வேலையை மட்டுமே பழக்குகின்றன என்பதுதான். எந்த எண்ணால் பெருக்க வேண்டும், ஏன் அந்த எண் என்று முடிவு செய்யும் வேலையை அவை மாணவரிடம் விடுவதேயில்லை. பாடத்தலைப்பைப் பார்த்தவுடன் எதனால் பெருக்குவது என்று தெரிந்துவிடுகிற இருபது கணக்குகளைச் செய்து முடித்த மாணவர், தலைப்பே இல்லாத தேர்வுத்தாளில் தடுமாறுவதில் வியப்பில்லை. ஆகவே கீழே சொல்லப்படும் பயிற்சிகள் யாவும் அந்த முடிவெடுக்கும் திறனை மையமாகக் கொண்டவை.

தொடங்கும் முன்பு ஒரு கேள்விக்கு நேர்மையாக விடை சொல்லிவிட வேண்டும். "1/√2 என்று எழுதினால் என்ன தவறு?" என்று ஒரு மாணவர் கேட்பார், கேட்காவிட்டாலும் நினைப்பார். தவறு ஒன்றுமில்லை என்பதே சரியான விடை. 1/√2, √2/2 இரண்டும் ஒரே எண்தான். கணிப்பான் இல்லாத காலத்தில் 1 என்பதை 1.41421 ஆல் நீள்வகுத்தல் முறையில் வகுப்பது பெரும்பாடு, 1.41421 என்பதை 2 ஆல் வகுத்து 0.707105 என்று எழுதுவதோ மனக்கணக்கு. இன்று அந்தத் தேவை குறைந்துவிட்டாலும் வேறு இரண்டு காரணங்கள் எஞ்சி நிற்கின்றன. முதலாவது, ஒப்பிடுதல். 6/√12, 3/√3, √27/3 ஆகிய மூன்றும் √3 தான் என்பது பார்த்தவுடன் தெரிவதில்லை. எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால்தான் தெரிகிறது. இரண்டாவது, கூட்டல். 1/√2 + 1/√8 என்பதை அப்படியே வைத்துக்கொண்டு கூட்டுவதைவிட √2/2 + √2/4 என்று மாற்றிக்கொண்டு 3√2/4 என எழுதுவது எளிது. இந்த இரண்டு எடுத்துக்காட்டுகளையும் முதல் பத்து நிமிடங்களில் மாணவர்களையே செய்யவைத்துவிட்டால், "விதி என்பதால் செய்கிறோம்" என்ற எண்ணம் ஓரளவு விலகும்.

அடுத்து, அடித்தளம் உறுதியாக உள்ளதா என்று பார்க்க ஐந்து சிறு கேள்விகள் போதும். √7 × √7 எவ்வளவு? √48 ஐச் சுருக்கினால் என்ன வரும்? 2/3 உம் 10/15 உம் ஏன் சமம்? (5 + √3)(5 − √3) எவ்வளவு? √(9 + 16) என்பது √9 + √16 க்குச் சமமா? விடைகள் முறையே 7, 4√3, தொகுதியையும் பகுதியையும் 5 ஆல் பெருக்கியதால், 22, சமமில்லை என்பனவாகும். கடைசிக் கேள்வியில் ஒரு பக்கம் 5, மறுபக்கம் 7 என்று மாணவரே கண்டுபிடிக்க வேண்டும்; நாம் சொல்லக் கூடாது. எந்தக் கேள்வியில் மாணவர் தவறுகிறாரோ, அதற்குரிய அடிப்படையைச் சரிசெய்யாமல் மேலே செல்வதில் பயனில்லை. விகிதப்படுத்துதலில் வரும் பிழைகள் என்று நாம் நினைப்பவற்றில் கணிசமானவை உண்மையில் பின்னங்களில் வரும் பிழைகளே என்பது இந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும்.

முதல் கட்டத்தில் பகுதியில் ஒரே ஓர் உறுப்பு இருக்கட்டும். இங்கே வலியுறுத்த வேண்டிய கருத்து ஒன்றுதான்: நாம் பின்னத்தை 1 ஆல் பெருக்குகிறோம், அந்த 1 எந்த வேடத்தில் வருகிறது என்பது மட்டுமே நம் தேர்வு. ஆகவே முதல் சில நாட்களுக்கு, பெருக்கும் பின்னத்தை முழுமையாக எழுதாத விடையை ஏற்காதீர்கள்.

3/√5 = 3/√5 × √5/√5 = 3√5/5

நடுவிலுள்ள √5/√5 என்ற அந்த 1 தாளில் கண்ணுக்குத் தெரியும்வரை, இரண்டு பெரிய பிழைகளுக்கு இடமில்லை. ஒன்று, பகுதியை மட்டும் பெருக்கிவிட்டு 3/5 என்று எழுதுவது. மற்றொன்று, மேலும் கீழும் வர்க்கப்படுத்தி 9/5 என்று எழுதுவது. இந்த இரண்டாவது பிழை வலுவாக வேரூன்றக்கூடியது. ஏனெனில் சமன்பாடுகளில் மூலக்குறியை நீக்க இருபுறமும் வர்க்கப்படுத்திப் பழகிய மாணவர் அதே உத்தியை இங்கும் கொண்டுவருகிறார். சமன்பாட்டுக்கு இரண்டு பக்கங்கள் உண்டு, பின்னமோ ஒரே எண், அதை வர்க்கப்படுத்தினால் வேறோர் எண்ணாகிவிடும் என்று விளக்கலாம். ஆனால் விளக்கத்தைவிடத் தோராய மதிப்பே விரைவாக வேலை செய்யும். √5 ஏறத்தாழ 2.236 என்பதால் 3/√5 ஏறத்தாழ 1.34, 9/5 என்பது 1.8, 3/5 என்பது 0.6. மூன்றும் மூன்று வெவ்வேறு எண்கள். √2 ≈ 1.414, √3 ≈ 1.732, √5 ≈ 2.236 என்ற மூன்று மதிப்புகளை மாணவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கச் செய்தால், தம் விடையைத் தாமே சரிபார்க்கும் பழக்கத்துக்கு வேறு கருவி எதுவும் வேண்டியதில்லை. விடைத்தாளைத் திருத்தும்போது "தவறு" என்று எழுதுவதற்குப் பதில் "தோராயமாக எவ்வளவு?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள்.

இக்கட்டத்திலேயே பழக்க வேண்டிய இன்னொரு வழக்கம், பெருக்குவதற்கு முன்பு மூலத்தைச் சுருக்குவது. 5/√72 என்ற கணக்கை √72/√72 ஆல் பெருக்கினால் 5√72/72 வரும்; அதன்பின் √72 = 6√2 என்று கண்டு, 30√2/72 என்று எழுதி, 6 ஆல் வகுத்து 5√2/12 என்று முடிக்க வேண்டும். தொடக்கத்திலேயே 5/(6√2) என்று எழுதிக்கொண்டால் √2/√2 ஆல் ஒரு முறை பெருக்கினாலே 5√2/12 வந்துவிடுகிறது. இந்த இரு வழிகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதிக் காட்டுங்கள்; நீளமான வழி தவறானது அல்ல, வீண் உழைப்பு மட்டுமே என்றும் சொல்லுங்கள். அதேபோல் 7/(2√3) என்பதை 2√3 ஆல் பெருக்க வேண்டியதில்லை, √3 போதும்; 2 ஏற்கெனவே விகிதமுறு எண்தான். விடை 7√3/6.

இனிதான் நான் மிகவும் பயனுள்ளதாகக் கருதும் பயிற்சி வருகிறது. மாணவர்களுக்குப் பத்துப் பின்னங்களைக் கொடுத்து, ஒன்றைக்கூட முழுமையாகச் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதனால் பெருக்க வேண்டும், பெருக்கிய பின் பகுதி என்னவாகும் என்ற இரண்டை மட்டும் எழுதினால் போதும். தொடக்கத்தில் 1/√7, 4/(3√2), 1/√18, √3/√8 போன்றவை இருக்கட்டும். 1/√18 க்கு √2 போதும், ஏனெனில் √18 × √2 = √36 = 6. √3/√8 க்கும் √2 போதும், பகுதி 4 ஆகும். பின்னாட்களில் ஈருறுப்புப் பகுதிகளும் கனமூலங்களும் அறிமுகமான பிறகு அவற்றையும் இதே பட்டியலில் கலந்து, அடுத்தடுத்த இரண்டு கணக்குகள் ஒரே வகையாக இல்லாதபடி அடுக்கிக் கொடுங்கள். ஒரு முழுக் கணக்கைச் செய்யும் நேரத்தில் இத்தகைய நான்கைந்து முடிவுகளை எடுத்துவிடலாம் என்பதால், மாணவருக்குக் களைப்பும் குறைவு, நமக்குத் திருத்தும் வேலையும் குறைவு. ஒரே நாளில் நாற்பது கணக்குகளைத் திணிப்பதைவிட, வாரத்தில் நான்கு நாட்கள் வகுப்பின் முதல் ஐந்து நிமிடங்களை இதற்கு ஒதுக்குவது நீண்டகாலம் நினைவில் நிற்கும்.

பகுதியில் இரண்டு உறுப்புகள் வரும் கட்டத்தில் அவசரப்படக் கூடாது. "இணையால் பெருக்கு" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுகிற வகுப்பில், இணை என்பது ஒரு மந்திரச் சொல்லாக மட்டுமே பதியும். மாறாக 1/(3 + √2) என்பதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, இதுவரை கற்றதைக் கொண்டு முயலச் சொல்லுங்கள். பலர் √2/√2 ஆல் பெருக்கி √2/(3√2 + 2) என்ற நிலையை அடைவார்கள். மூலக்குறி போகவில்லை, இடம் மட்டும் மாறியிருக்கிறது. சிலர் அதே 3 + √2 ஆல் பெருக்கி 11 + 6√2 என்று பெறுவார்கள். அங்கும் மூலக்குறி அப்படியே இருக்கிறது. இந்த இரண்டு தோல்விகளும் வகுப்பில் கட்டாயம் நடக்க வேண்டும். நான்கு கட்டங்கள் உள்ள சதுரம் ஒன்றை வரைந்து, 3 + √2 ஐ 3 + √2 ஆல் பெருக்கும்போது கிடைக்கும் நான்கு பெருக்கல்களையும் ஒவ்வொரு கட்டத்திலும் எழுதினால் தொல்லை எங்கே இருக்கிறது என்று தெளிவாகிவிடும்: மூலைவிட்டத்திலுள்ள 9 உம் 2 உம் தொல்லை தரவில்லை, மற்ற இரண்டு கட்டங்களிலுள்ள 3√2, 3√2 என்பவையே தொல்லை. அவை ஒன்றையொன்று நீக்க வேண்டுமானால் ஒன்று மிகையாகவும் மற்றொன்று குறையாகவும் இருக்க வேண்டும். அப்படியானால் எந்தக் குறியை மாற்றுவது என்ற கேள்வியை மாணவரிடமே விடுங்கள். 3 − √2 என்ற விடை அவர்களிடமிருந்தே வந்த பிறகு, அதற்கு இணை என்று பெயர் சூட்டினால் போதும்.

1/(3 + √2) = (3 − √2)/(9 − 2) = (3 − √2)/7

இங்கே வரும் பிழைகள் வேறு வகையானவை. இரண்டு உறுப்புகளின் குறியையும் மாற்றி −3 − √2 என்று எழுதுவது ஒன்று. அது பழைய எண்ணையே −1 ஆல் பெருக்கியதுதான் என்பதால் பயனில்லை. அதே கட்டப் படத்தில் இட்டுப் பார்த்தால் −11 − 6√2 கிடைப்பதை மாணவரே காண்பார். மாறாக, பகுதி −3 + √2 என்று இருந்தால் 3 + √2 ஆலும் பெருக்கலாம், −3 − √2 ஆலும் பெருக்கலாம்; முன்னதில் பகுதி −7, பின்னதில் 7. இரண்டுமே சரி. "நடுவிலுள்ள குறியைத்தான் மாற்ற வேண்டும்" என்ற விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர் இதைப் பார்த்துக் குழம்புவார். குறுக்குப் பெருக்கல்கள் நீங்க வேண்டும் என்ற காரணத்தை அறிந்தவர் குழம்பமாட்டார்.

மற்றொரு பிழை, தொகுதியை அவசரமாக விரிப்பது. 8/(√7 − √3) என்ற கணக்கில் தொகுதியை 8√7 + 8√3 என்று உடனே விரித்துவிட்டால், பின்னர் அதை 4 ஆல் வகுக்கும்போது ஓர் உறுப்பை மட்டும் வகுத்துவிடும் ஆபத்து உண்டு. பகுதியின் மதிப்பு தெரியும்வரை தொகுதியை அடைப்புக்குறிக்குள்ளேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்: 8(√7 + √3)/4 = 2(√7 + √3). இதைப் போன்றதே (6 + √3)/3 என்பதை 2 + √3 என்று சுருக்கும் பிழையும். பொதுக் காரணியை வெளியே எடுத்துக் காட்டாமல் எதையும் அடிக்கக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்தால் இது பெரும்பாலும் நின்றுவிடும். (6 + 3√5)/12 என்பதை 3(2 + √5)/12 என்று எழுதிய பிறகே (2 + √5)/4 என்று எழுத அனுமதிக்க வேண்டும். (6 + √3)/3 இல் அப்படி வெளியே எடுக்க எதுவும் இல்லை, எனவே அதுவே இறுதி விடை.

தொகுதியிலும் இரண்டு உறுப்புகள் உள்ள கணக்கு ஒன்றையாவது முழுமையாகச் செய்து காட்டுங்கள். (4 + √3)/(2 − √3) என்பதில் பகுதியின் இணை 2 + √3; பகுதி 4 − 3 = 1 ஆகிவிடுகிறது. தொகுதி (4 + √3)(2 + √3) = 8 + 4√3 + 2√3 + 3 = 11 + 6√3. சரிபார்க்க, 5.732 ஐ 0.268 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 21.39, 11 + 6 × 1.732 உம் 21.39.

கணக்குகளை நீங்களே உருவாக்கும்போது பகுதியில் வரும் எண்களைச் சற்று யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். விகிதப்படுத்துதலைக் கற்கும் மாணவரை 43 ஆல் வகுக்கவைப்பதில் எந்த நன்மையும் இல்லை. 2 உடன் √3, 4 உடன் √15, 5 உடன் 2√6, 7 உடன் 4√3 ஆகிய ஜோடிகளில் வர்க்கங்களின் வித்தியாசம் சரியாக 1 வருகிறது. √5, √2 என்பவற்றில் 3 வருகிறது. ஆகவே 3/(√5 − √2) என்பது √5 + √2 என்று அழகாக முடிகிறது. எனினும் எல்லாக் கணக்குகளும் இவ்வாறு முடிந்தால், பகுதி எப்போதும் மறைந்துவிடும் என்று மாணவர் நம்பத் தொடங்குவார். ஐந்தில் ஒன்று பின்னமாகவே நிற்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது. சற்றுத் தேர்ந்த பிறகு, கணக்கை உருவாக்கும் வேலையை மாணவர்களிடமே ஒப்படைக்கலாம்: "விடை 3 + √7 வர வேண்டும், பகுதியில் மூலக்குறியுள்ள ஒரு கணக்கை எழுது." 2/(3 − √7) என்று எழுதிக் கொண்டுவரும் மாணவருக்கு இனி இப்பாடத்தில் பயம் இருக்காது.

நீளமான கணக்குதான் நல்ல கணக்கு என்றில்லை. இருந்தாலும் ஒன்றே ஒன்றைப் பரிந்துரைக்கிறேன்.

1/(1 + √2) + 1/(√2 + √3) + 1/(√3 + √4) + … + 1/(√8 + √9)

எட்டு உறுப்புகளையும் தனித்தனியே விகிதப்படுத்தினால் √2 − 1, √3 − √2, √4 − √3 என்று வரிசையாக வந்து, கூட்டும்போது இடையிலுள்ளவை எல்லாம் நீங்கி 3 − 1 = 2 மட்டும் எஞ்சும். ஒரே செயலை எட்டு முறை செய்யும் பயிற்சியும் இதில் இருக்கிறது, இறுதியில் ஒரு வியப்பும் இருக்கிறது. அடுத்து இதையே √99 + √100 வரை நீட்டினால் என்ன வரும் என்று கேளுங்கள். எதையும் எழுதாமல் 9 என்று சொல்லிவிடுவார்கள்.

கனமூலங்களுக்கு வரும்போது, முன்பு சரியாகச் செய்தவர்களும் தவறுவார்கள். 1/∛2 ஐ ∛2/∛2 ஆல் பெருக்கிவிட்டு விடை வந்துவிட்டதாக நினைப்பார்கள். உண்மையில் பகுதி ∛4 ஆகத்தான் மாறியிருக்கிறது. வர்க்கமூலத்திலிருந்து ஓர் எண் வெளியே வர இரண்டு ஒத்த காரணிகள் வேண்டும், கனமூலத்திலிருந்து வெளியே வர மூன்று வேண்டும் என்ற ஒரே கருத்தை இங்கே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். பகா எண்களாகப் பிரித்து, எத்தனை குறைகிறது என்று எண்ணும் பழக்கமே இதற்கு மருந்து. ∛2 இல் ஒரு 2 தான் உள்ளது, இன்னும் இரண்டு வேண்டும், எனவே ∛4 ஆல் பெருக்க வேண்டும், விடை ∛4/2. ∛12 இல் 2 இரண்டு, 3 ஒன்று; ஆகவே ஒரு 2 உம் இரண்டு 3 உம் வேண்டும், அதாவது ∛18; பகுதி ∛216 = 6. நான்காம் மூலத்துக்கும் இதே எண்ணிக்கைதான்: 27 இல் 3 மூன்று முறை உள்ளதால் 27 இன் நான்காம் மூலத்துடன் 3 இன் நான்காம் மூலத்தைப் பெருக்கினால் 3 கிடைக்கும்.

எண்களுக்குப் பதில் எழுத்துகள் வரும் கணக்குகளைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம். (க − 9)/(√க + 3) என்பதை √க − 3 ஆல் மேலும் கீழும் பெருக்கினால் √க − 3 என்ற விடை கிடைக்கும். ஆனால் க = 9 எனில் நாம் பெருக்கிய "1" உண்மையில் 0/0 ஆகிவிடுகிறது என்பதைச் சுட்டிக்காட்ட மறக்கக் கூடாது. க − 9 என்பதை (√க − 3)(√க + 3) என்று காரணிப்படுத்தினால் அந்தச் சிக்கலே எழாது. √க + 3 ஒருபோதும் பூச்சியம் ஆவதில்லை என்பதால் தயங்காமல் சுருக்கலாம். க குறை எண்ணாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனையையும் ஓரத்தில் எழுதப் பழக்குங்கள்.

மதிப்பெண் வழங்கும் முறையும் இதற்கேற்ப இருக்க வேண்டும். சரியான பெருக்கும் காரணியைத் தேர்ந்தெடுத்ததற்கே பாதி மதிப்பெண் தரலாம் என்பது என் கருத்து. பெருக்கலில் வரும் சிறு தவறைத் தோராய மதிப்பே காட்டிக்கொடுத்துவிடும், காரணியைத் தேர்ந்தெடுப்பதில் வரும் தவறு அப்படி எளிதில் வெளிப்படாது. பிழை தேடும் பயிற்சியையும் அவ்வப்போது கொடுங்கள்: ஒரே கணக்குக்கு மூன்று தீர்வுகள், அவற்றில் ஒன்று மட்டும் சரி, மற்ற இரண்டில் எந்த வரியில் பிழை என்று காட்ட வேண்டும். வகுப்பிலேயே நிகழ்ந்த பிழைகளைப் பெயர் சொல்லாமல் பயன்படுத்தினால் பொருத்தமாக இருக்கும்.

விரைவாக முடித்துவிடும் மாணவர்களுக்கு மேலும் மூன்று கணக்குகள் தரலாம். 1/(1 + √2 + √3) என்பதில் 1 + √2 ஐ ஒரே உறுப்பாகக் கருதி 1 + √2 − √3 ஆல் பெருக்கினால் பகுதி 2√2 ஆகும். இன்னொரு முறை விகிதப்படுத்தினால் (2 + √2 − √6)/4 என்ற விடை கிடைக்கும். 1/(∛2 − 1) என்பதற்கு இணை உதவாது. கனங்களின் வித்தியாசத்துக்கான முற்றொருமையைத் தேடி ∛4 + ∛2 + 1 ஆல் பெருக்க வேண்டும், பகுதி 1 ஆகிவிடும். மூன்றாவது, தொகுதியை விகிதப்படுத்துவது. √10001 − 100 எவ்வளவு என்று கேளுங்கள். √10001 ஐ ஐந்து தசம இடங்களுக்குத் திருத்தினால் 100.00500, அதிலிருந்து 100 ஐக் கழித்தால் 0.00500 என்ற மூன்று பொருளுள்ள இலக்கங்களே மிஞ்சுகின்றன. அதே எண்ணை 1/(√10001 + 100) என்று மாற்றி எழுதிக்கொண்டு, அதே 100.00500 என்ற மதிப்பையே இட்டு, 1 ஐ 200.005 ஆல் வகுத்தால் 0.004999875 என்று கிடைக்கிறது; காட்டப்பட்ட இலக்கங்கள் அனைத்தும் சரியானவை. இங்கே மூலக்குறி பகுதிக்குப் போனதால்தான் நன்மை விளைந்திருக்கிறது. பகுதியில் மூலக்குறி இருக்கவே கூடாது என்று இவ்வளவு நாள் சொன்னீர்களே என்று மாணவர் கேட்டால், முதல் நாள் எழுதிய 1/√2 ஐ மீண்டும் கரும்பலகையில் எழுதி அங்கிருந்து உரையாடலைத் தொடரலாம்.